பிப்பெட்டின் அறுபது யோசனைகள்

ஒரு நாட்டின் செல்வம் அதன் மண்ணுக்கடியிலும் இல்லை, துறைமுகங்களிலும் இல்லை. அதன் பல்கலைக்கழகங்களின் கற்பனையில் இருக்கிறது. இந்த வாசகம் பல்கலைக்கழகத்தின் நுழைமண்டபச் சுவரில், முழ நீளப் பித்தளை எழுத்துகளில் பதிக்கப்பட்டிருக்கிறது. எழுத்துகளை இறுக்க அடித்த ஆணிகள் சுவரைத் துளைத்து வெளிப்பக்கம் போய்விட்டதால், மழை பெய்தால் 'கற்பனை'யிலிருந்து மட்டும் தண்ணீர் ஒழுகும். கீழே ஒரு பச்சை வாளியை நிரந்தரமாக வைத்திருக்கிறார்கள்.

வாளிக்கு எதிர்ச்சுவரில் ஒரு பெரிய புகைப்படம். படைப்பூக்கப் பொருளாதார மையத்தைத் துணைவேந்தர் தொடங்கிவைத்த நாளில் எடுத்தது. "ரிப்பன் வெட்டுவது பழைய பொருளாதாரம், பிளக் செருகுவதே புதிய பொருளாதாரம்" என்று அன்று அறிவித்து, மையத்தின் இயந்திரத்துக்குத் தம் கையாலேயே மின்சாரம் கொடுத்தார். படத்தில் அவருடைய வலது கை சுவரில் இருக்கிறது. முகம் கேமராவில் இருக்கிறது. இடது கையில் கறுப்பாக ஏதோ தொங்குகிறது. பூங்கொத்தின் நாடா என்று நினைத்தார்கள். உண்மையில் யாரும் நினைக்கவில்லை. தினமும் அந்த வழியாகப் போகிறவர்கள் எந்தப் படத்தைப் பார்க்கிறார்கள்?

அந்த இயந்திரத்துக்கு யோசனைத் தூண் என்று பெயர். ஆளுயரத் திரை, யாராவது பக்கத்தில் வந்தால் தானே விழித்துக்கொள்ளும். துணைவேந்தர் முதல் தோட்டக்காரர் வரை ஒவ்வொருவரும் மாதம் ஒரு யோசனையை அதில் பதிய வேண்டும். பதியாதவருக்கு அந்த மாத வருகைப் பதிவு கிடையாது. யோசனைகள் பெருகப் பெருக நாட்டின் வளர்ச்சி பெருகும் என்பது ஏற்பாடு. மையம் தொடங்கிய அதே நாளில் புகார்ப் பதிவேடுகள் எல்லாம் மூடப்பட்டன. மையத்தின் இயக்குநர், முன்பு விடுதிக் காப்பாளராக இருந்து புகார்களால் மனம் நொந்தவர், சுற்றறிக்கையில் எழுதியிருந்தார்: 'புகார் என்பது பழுக்காத யோசனை. பழுத்த பின் கொண்டுவரவும்.'

மையத்துக்கு இடம் கிடைத்தது ரசாயனத் துறையின் தரைத்தளத்தில், பழைய தராசு அறையில். சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டோர். அமில ஜாடிகளும் கண்ணாடிக் குடுவைகளும் அடுக்கிய ஜன்னல் இல்லாத அறை. அங்கே இருபத்திரண்டு வருடம் ஸ்டூலில் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுத்தவரை எல்லோரும் பிப்பெட் என்பார்கள். திரவம் அளக்கிற கண்ணாடிக் குழாய் மாதிரியே உயரம், ஒல்லி, நடுவில் மட்டும் ஒரு சின்னத் தொப்பை. மையம் திறந்த மாதத்திலிருந்து பிப்பெட் இருமினார். ஒரு வருடம் இருமிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

விதிப்படி அவர் வேலை அவர் மனைவிக்கு வந்தது. அதோடு அவருடைய நீலக் கோட்டும் வந்தது. கை நீளம். இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு அவள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். மாணவர்கள் மறுநாளே அவளை ஸ்டோர் அக்கா ஆக்கிவிட்டார்கள். மூன்றாம் வாரம் அவளுக்கும் இருமல் வந்தது. தலைக்கு மேலே, உத்தரத்தையொட்டி, காற்றை வெளியே தள்ளுகிற பெரிய விசிறி ஒன்று இருந்தது. அதன் இறக்கைகளில் சிலந்தி நிம்மதியாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

அவள் ஒயர்மேனிடம் போனாள்.

"அக்கா, பார்க்கிறதுக்கு எனக்கு என்ன வலிக்குதா? ஆனா ரிஜிஸ்டர்ல எழுதினாத்தான் ஏணியைத் தொடலாம். ரிஜிஸ்டர மூடிட்டாங்க. நீங்க ஐடியாவா போடுங்க. அவங்க பாஸ் பண்ணி அனுப்பினா ஏணியோட ஓடி வரேன்."

"விசிறி ஓடலைங்கறது எப்படிப்பா ஐடியா ஆகும்?"

"'ஓடினா நல்லா இருக்கும்'னு போடுங்கக்கா. நான் அப்படித்தான் போடுறேன். 'டியூப்லைட் எரிந்தால் வெளிச்சம் வரும்.' போன மாசம் அதுக்குப் பாராட்டுக் கடிதம் குடுத்தாங்க. லைட்டு குடுக்கல."

அவள் மையத்துக்குப் போனாள். கம்பளம் விரித்த அறை. வேறு யாரும் இல்லை. தூண் அவளைக் கண்டதும் விழித்துக்கொண்டது. ஒற்றை விரலால், 'ஸ்டோர் விசிறி ஓடினால் நல்லா இருக்கும்' என்று தட்டினாள்.

திரை கொஞ்சம் யோசித்தது. 'மன்னிக்கவும். இந்த யோசனை ஏற்கெனவே பதியப்பட்டுள்ளது. பதிந்தவர் விவரம்' என்று சொல்லி, ஒரு முகத்தைக் காட்டியது.

பிப்பெட் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடியில் தேதி இருந்தது. நேற்று, காலை 10.10. அவர் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

அவள் கத்தவில்லை. மடித்துவிட்ட கோட்டுக் கை தானாகவே அவிழ்ந்து விரல்களை மூடியது, அவ்வளவுதான். அது சிரிப்பு இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அடையாள அட்டைக்குப் படம் எடுத்த அன்று அவரே சொல்லியிருந்தார்: "இருமல் வர்றதுக்கு ஒரு செகண்ட் முன்னாடி அமுக்கிட்டான்டி." இப்போது ஆளுயரத்தில், இருமலுக்கு ஒரு நொடி முன்னால், அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தூணைக் கவனித்துக்கொள்ள ஒரு பெண் உண்டு. கணினிப் பெண் என்பார்கள். சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்றவள், ஸ்டோர் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"பயப்படாதீங்கக்கா. ஆவி கீவி இல்ல. மாசாமாசம் வந்து போடணும்னா கடுப்பா இருக்குன்னு, அண்ணன் கடைசியா ஒரு நாள் வந்து உட்கார்ந்து அஞ்சு வருஷத்துக்கும் சேர்த்துப் போட்டுட்டார். மொத்தம் அறுபது. தேதி போட்டு வெச்சா, அந்தந்த மாசம் முதல் நாள் 10.10க்கு அதுவா வெளிய வரும். இதுவரைக்கும் பத்து வந்திருக்கு."

"அவரு செத்துட்டாரும்மா."

"நிர்வாகப் பிரிவுல செத்துட்டார்க்கா. இங்க இன்னும் சாகல. இங்க கணக்க மூடணும்னா, கணக்குக்காரரே நேர்ல வந்து 'விடைபெறும் யோசனை'ன்னு ஒண்ணு போடணும்."

"இன்னும் அம்பது இருக்கா? அதுல என்ன எழுதியிருக்காரு?"

"தேதி வர்றதுக்கு முன்னாடி திறக்காதுக்கா. எல்லாம் இந்தத் தூணுக்குள்ளயே இருக்கு. வேற எங்கயும் நகல் இல்ல. பிளக்க யாராவது பிடுங்கினா அத்தனையும் போயிடும். அதான் அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாதுன்னு போர்டு."

தூணுக்குப் பின்னால் கயிறு கட்டி, 'புதுமை நடைபெறுகிறது. உள்ளே வராதீர்' என்று எழுதிவைத்திருந்தது.

வீட்டில் இதைச் சொன்னதும் நாத்தனார் கையிலிருந்த துணியை அப்படியே போட்டாள். பிப்பெட்டின் தங்கை, தையல்காரி, துக்கத்தையும் ஊசி முனையிலேயே வைத்துக்கொள்கிறவள்.

"எங்கண்ணனா? உயிரோட இருந்தப்போ மாசத்துக்கு ஒரு வார்த்தை பேசினா பெரிசு. இப்போ அஞ்சு வருஷத்துக்குப் பேசி வெச்சிட்டுப் போயிருக்கானா?"

"ஐடியாவாம்."

"அவனுக்கு ஏது அண்ணி ஐடியா? எல்லாம் புலம்பலா இருக்கும்." போட்ட துணியை மறுபடி எடுத்துக்கொண்டு, குரல் இறங்கி, "அடுத்தது எப்போ வருமாம்?" என்றாள்.

நாத்தனார் சொன்னது சரி. வந்த பத்தும் புலம்பல்தான். மையம் அவற்றைச் சும்மா விடவில்லை. 'இரண்டாம் மாடிக் கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் இல்லை' என்று பிப்பெட் எழுதியதை 'திறந்த தனியுரிமை மாதிரி' என்று பதிவு செய்து, அதைப் பற்றி மூன்று பேர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். 'ஜாடி லேபிள் உரிஞ்சிபோச்சு, எது எந்த அமிலம்னு தெரியலை' என்பது 'கண்டடைதல்வழிக் கற்றல்' ஆனது. வேறு ஊழியர்கள் 'பல்கலைக்கழகம் மேன்மேலும் வளர வேண்டும்' என்று மாதம் தவறாமல் ஒரே வரியைப் பதிந்துகொண்டிருக்கையில், குறிப்பான விஷயம் எழுதிய ஒரே ஆள் பிப்பெட். மையத்தின் தரவரிசையில் அவர்தான் முதலிடம். செத்தும் கொடுத்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். செத்தும் வருகைப் பதிவு வாங்கியவர் இவர் ஒருவரே.

இரண்டு வாரம் கழித்து ஸ்டோர் அக்கா இயக்குநரைப் பார்க்கப் போனாள். அவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

"நீங்கதானா அவங்க வீட்டம்மா? உட்காருங்கம்மா. உங்க வீட்டுக்காரர் மாதிரி பத்துப் பேர் இருந்தா இந்த நாடு எங்கயோ போயிடும். அவரோட விசிறி யோசனையைக் குழு ஏத்துக்கிட்டாச்சு!"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நல்லா இருப்பீங்க சார். ஒயர்மேன் எப்போ வருவாரு?"

"ஒயர்மேனா?" இயக்குநருக்குப் புரியவில்லை. "ரிப்பேர் பண்ணினா ஒரு விசிறி ஓடும்மா. அதுல வளர்ச்சி எங்க இருக்கு? நாங்க இதை ஒரு ஸ்டார்ட்அப்பா மாத்திட்டோம். பேரு 'மூச்சு'. அடுத்த வாரம் உங்க மேசைக்கே வருது."

அடுத்த வாரம் வந்தது. சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி. காற்று நன்றாக இருந்தால் பச்சை, சுமாராக இருந்தால் மஞ்சள், மோசமாக இருந்தால் சிவப்பு விளக்கு எரிந்து 'பீப்' என்று கத்தும். வடிவமைப்பாளர்கள் நான்கு பேர் முகமூடி அணிந்துகொண்டு வந்து மேசையில் வைத்தார்கள். வைத்த கையை எடுப்பதற்குள் சிவப்பு எரிந்து கத்தியது.

"வேலை செய்யுது!" என்று நால்வரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

"தம்பிங்களா, இது கத்தினா நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம்மா. நீங்க வழக்கம்போல உட்கார்ந்து சுவாசிங்க. டேட்டா தானா போயிடும்."

அன்றிலிருந்து பெட்டி கத்திக்கொண்டேயிருந்தது. அவள் இருமினால் அது கத்தும். அது கத்தினால் அவள் இருமுவாள். யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்று சில சமயம் அவளுக்கே தெரியவில்லை. நுழைமண்டபத்தில், வாளிக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பேழைக்குள் ஸ்டோர் விசிறியின் சிறு மாதிரி ஒன்றை வைத்தார்கள். ஆள் கிட்டே வந்தால் அது சுற்றும். பேழைக்குள் காற்று அருமையாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து அவள் மறுபடியும் இயக்குநரிடம் போனாள். படியேற மூச்சு வாங்கியது. பேச ஒரு நிமிடம் பிடித்தது. தவறாமல் விசிறியையே கேட்டாள்.

"இப்போ போய் அதைக் கேட்கிறீங்களேம்மா!" இயக்குநர் உண்மையாகவே வருந்தினார். "விசிறி ஓடினா காத்து சுத்தமாயிடும். சுத்தமாயிட்டா டேட்டா நின்னுடும். டேட்டா நின்னா கம்பெனி படுத்துடும். உங்க வீட்டுக்காரர் உண்டாக்கின கம்பெனிய நீங்களே மூடலாமா? அடுத்த மாசம் தரமதிப்பீட்டுக் குழு வெளியூர்ல இருந்து வருது. அவரோட புது யோசனை நேரலையா திரையில வரும்போது அவங்க பார்ப்பாங்க. நீங்க முன்வரிசையில உட்காரணும். ஒண்ணே ஒண்ணு. 'இருந்தார்'னு சொல்லிடாதீங்க. 'இருக்கார்'னு சொல்லுங்க."

"எங்க இருக்காருன்னு கேட்டா?"

"களப்பணின்னு சொல்லுங்க."

முதல் தேதி வந்தது. தராசு அறையில் ஐம்பது நாற்காலி. முன்வரிசையில் மதிப்பீட்டுக் குழுவினர் மூவர், துணைவேந்தர், இயக்குநர். ஓரத்தில் நீலக் கோட்டோடு ஸ்டோர் அக்கா. வெள்ளை வெளேரென்ற வெளிச்சம். அத்தனை பேர் இருந்தும் அறையில் ஒரு குளிர். தூணில் பிப்பெட்டின் முகம். யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அவர்களையே பார்ப்பது போல இருந்ததால், மதிப்பீட்டாளர்களில் ஒருவர் இரண்டு முறை இடம் மாறி உட்கார்ந்தார்.

துணைவேந்தர் பேசினார்.

"பெரியோர்களே! காற்று இலவசமாகக் கிடைக்கிறவரை அதை யாரும் மதிப்பதில்லை. கிடைக்காதபோதுதான் அதற்கு ஒரு சந்தை உருவாகிறது. அந்தத் தட்டுப்பாட்டை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யாமல், எங்கள் ஸ்டோர் அறையிலேயே, எங்கள் ஊழியர்களைக் கொண்டே உருவாக்கிக் காட்டியிருக்கிறோம் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். சில பல்கலைக்கழகங்கள் பிரச்சினைகளைத் தீர்த்துவிடுகின்றன. தீர்த்த பிறகு அவற்றின் கையில் என்ன மிஞ்சுகிறது? நாங்கள் ஒரு பிரச்சினையைக்கூட வீணாக்கியதில்லை."

கைதட்டல். மணி 10.09. எல்லோரும் தூணைப் பார்த்தார்கள். கருவுற்ற மௌனம் என்று இதைத்தான் இயக்குநர் பிறகு தம் அறிக்கையில் எழுதினார். சுவருக்கு அந்தப் பக்கம், ஆளில்லாத ஸ்டோரில், பெட்டி மெலிதாகக் கத்திக்கொண்டிருந்தது.

10.10. பிப்பெட்டின் முகத்துக்குக் கீழே எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன, இப்போதுதான் யாரோ ஒற்றை விரலால் தட்டுவது போல.

'எனக்கப்புறம் இந்த ஸ்டூல்ல யார் உட்கார்ந்தாலும், அனேகமா என் வீட்டுக்காரியாத்தான் இருக்கும், ஸ்டூலைக் கதவுகிட்ட நகர்த்திப் போட்டுக்கச் சொல்லுங்க. அவளுக்கு இருமல் வந்திருக்கும். விசிறி நின்னது உங்க மையம் திறந்த அன்னிக்கு. அதோட ஒயர் சுவத்துல ஓட்டை வழியா தராசு ரூமுக்குப் போகுது. அந்தப் பக்கம் போய்ப் பார்க்க என்னை விடலை. அவளாவது பார்க்கட்டும்.'



"இடம்பெயர் இருக்கை!" என்று இயக்குநர் எழுந்து கைதட்டினார். ஐம்பது பேரும் தட்டினார்கள்.

"ஆழமான பயனர் கரிசனம்," என்றார் மதிப்பீட்டாளர்களில் மூத்தவர், குறிப்பெடுத்தபடி. "இவரை நாங்கள் நேரில் சந்திக்க முடியுமா? அம்மா, எங்கே இருக்கார்?"

ஸ்டோர் அக்கா எழுந்தாள். இருமினாள். நீளமான இருமல். முடிகிறவரை எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

"செத்துட்டாருங்க," என்றாள். "பதினோரு மாசமாச்சு."

இயக்குநர் சட்டென்று, "களத்தில்! களத்தில்!" என்றார்.

அவள் அதற்குள் கயிற்றைத் தாண்டித் தூணின் பின்பக்கம் போயிருந்தாள். கம்பளம் அங்கே முடிந்துவிட்டது. தூசி, சுருண்ட ஒயர்கள், சுவரில் ஒரே ஒரு சாக்கெட். அதில் தூணின் வெள்ளை பிளக். மேலே, உத்தரத்துக்குக் கீழே, சுவரில் ஒரு ஓட்டை. அதிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் இறங்கி, தரைக்கு ஒரு சாண் மேலே, முனையில் பிளக்கோடு சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

கணினிப் பெண் ஓடி வந்தாள். "அக்கா, வேண்டாம்க்கா! இன்னும் நாப்பத்தேழு இருக்கு. அண்ணன் இன்னும் நாலு வருஷத்துக்குப் பேசுவார். பிடுங்கினா எல்லாம் போயிடும்க்கா."

கை வெள்ளை பிளக்கின் மேல் நின்றது. நாற்பத்தேழு. நாத்தனார் காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள்: "அப்படியே எழுதிக்கிட்டு வாங்க அண்ணி. ஒரு வார்த்தை விடாம." தூணின் விளிம்பு வழியாகப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள். அங்கிருந்தும் அவர் அவளைத்தான் பார்த்தார். நாற்பத்தேழிலும் இதைத்தான் எழுதியிருப்பார் என்று தோன்றியது. ஒன்றிலாவது வேறு ஏதாவது எழுதியிருப்பாரோ என்றும் தோன்றியது. அது தெரிய வேண்டுமென்றால் நான்கு வருடம் மூச்சு இருக்க வேண்டும்.

"சரி, போயிட்டு வாங்க," என்று மெல்லச் சொல்லிவிட்டுப் பிடுங்கினாள்.

பிப்பெட், இருமலுக்கு ஒரு நொடி முன்னால், அணைந்தார்.

அவள் கறுப்பு பிளக்கை எடுத்துச் செருகினாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ பெரிதாகப் பெருமூச்சு விட்டது. முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள். பிறகு கடகடவென்று, சிலந்தி வலையெல்லாம் பறக்க, விசிறி ஓடத் தொடங்கியது. சிறிது நேரத்தில் பெட்டி கத்துவது நின்றது. அவ்வளவு நாளாக அது கத்திக்கொண்டிருந்தது அப்போதுதான் எல்லோருக்கும் கேட்டது.

"ஏம்மா, என்ன காரியம் பண்ணிட்டீங்க!" என்றார் இயக்குநர்.

"ஸ்டூலை நகர்த்தல சார். விசிறியப் போட்டேன்," என்றாள் அவள். வேலைக்குத் திரும்பிப் போனாள்.

நாற்பத்தேழு யோசனைகள் அழிந்தது தேசிய இழப்பு என்று துணைவேந்தர் அறிவித்தார். தம் தலைமையிலேயே விசாரணைக் குழு அமைத்தார். ஸ்டோர் அக்காவிடம் கேள்வி எழுப்பப்பட்டது: விசிறியின் இணைப்பை முதலில் துண்டித்தது யார் என்று அவளுக்குத் தெரியுமா? தெரியாது என்றாள். ஒயர்மேனைக் கேட்டார்கள். ஏணி இல்லாமல் தன்னால் எதையும் பார்க்க முடியாது என்றார். கணினிப் பெண்ணைக் கேட்டார்கள். தான் வேலைக்குச் சேர்ந்தபோதே தூணின் பிளக்தான் அந்த சாக்கெட்டில் இருந்தது என்றாள். அறையைச் சார்ந்த எல்லா ஆவணங்களையும் புகைப்படங்களையும் சேகரிக்குமாறு குழு உத்தரவிட்டது. நுழைமண்டபப் படத்தையும் இறக்கி, துடைத்து, மேசைமேல் வைத்தார்கள். குழுவின் ஐந்து உறுப்பினர்களும் குனிந்து பார்த்தார்கள். தலைவர் மட்டும் பார்க்கவில்லை.

துணைவேந்தரின் இடது கையில் இருந்தது நாடா அல்ல, விசிறியின் பிளக்.